வைரஸ் ஆர்.என்.ஏ. ஸ்ப்ளைசிங்கும் நோயறிதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலக்கூறு ஆய்வகப் பணியாளர்கள், நுண்ணுயிரியல் மாணவர்கள், பரிசோதனை அறிக்கையைப் படிக்கும் மருத்துவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கருப்பைவாய்ப் புற்றுநோயோடு தொடர்புடைய எச்.பி.வி. (மனிதப் பாப்பிலோமா வைரஸ்) 16 வகைதான் இங்கே முதன்மை எடுத்துக்காட்டு. ஸ்ப்ளைசிங்கை நோயறிதலில் பயன்படுத்துவது அதில்தான் அதிகம் வளர்ந்திருக்கிறது.

ஸ்ப்ளைசிங் என்றால் என்ன? வைரஸுக்கு ஏன் அது?

மரபணுவிலிருந்து முதலில் படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. அப்படியே பயன்படுவதில்லை. அதன் நடுவிலுள்ள சில துண்டுகள் வெட்டி நீக்கப்பட்டு, மிச்சம் ஒட்டப்படுகிறது. நீங்குவது இன்ட்ரான், தங்குவது எக்ஸான். ஏறக்குறைய எல்லா இன்ட்ரான்களும் ஜி.யு. என்ற எழுத்துகளில் தொடங்கி ஏ.ஜி. என்று முடியும். வெட்டு தொடங்கும் இடத்தை டோனர் என்றும், முடியும் இடத்தை அக்செப்டர் என்றும் சொல்கிறோம்.

வைரஸின் மரபணுத்தொகுதி சிறியது. ஒரே நீண்ட படியை வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டினால், சில ஆயிரம் எழுத்துகளிலிருந்தே பல புரதங்களைப் பெறலாம். வெட்டும் கருவி முழுவதும் ஓம்புயிர்ச் செல்லுடையது. வைரஸ் அதை இரவல் வாங்கிக்கொள்கிறது. ஸ்ப்ளைசிங் என்ற நிகழ்வே 1977இல் ஒரு வைரஸில்தான் முதலில் தெரியவந்தது. அடினோவைரஸின் எம்.ஆர்.என்.ஏ.வை (வெட்டி ஒட்டி முடித்த, புரதத்துக்கான ஆர்.என்.ஏ.) அதன் டி.என்.ஏ.வோடு இணையவிட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, டி.என்.ஏ. இடையிடையே வளையங்களாகத் துருத்தி நின்றது. இதற்காக ரிச்சர்ட் ராபர்ட்ஸும் பிலிப் ஷார்ப்பும் 1993இல் நோபல் பரிசு பெற்றனர். அந்தப் படங்களில் பெரும்பங்கு ஆற்றிய லூயிஸ் சோ, பின்னாளில் எச்.பி.வி. ஆய்வில் முக்கியமானவரானார்.

எல்லா வைரஸிலும் இது நடக்குமா?

இல்லை. வெட்டும் கருவி உட்கருவுக்குள் இருக்கிறது. ஆகவே உட்கருவுக்குள் படியெடுக்கும் வைரஸ்களுக்கே அது கிடைக்கும். ஹெர்பிஸ் குடும்பம், அடினோ, பாப்பிலோமா, பாலியோமா, பார்வோ, ரெட்ரோவைரஸ்கள், ஹெபடைடிஸ் பி, இன்ஃப்ளூயன்ஸா, போர்னா ஆகியவை இந்தப் பட்டியலில் வரும். டெங்கு, தட்டம்மை, போலியோ, ரேபிஸ், ஹெபடைடிஸ் சி, கொரோனா ஆகியவை சைட்டோபிளாசத்திலேயே வேலையை முடித்துக்கொள்பவை. பெரியம்மை வைரஸ் டி.என்.ஏ. வைரஸ்தான், ஆனால் அதுவும் சைட்டோபிளாசத்தில் பெருகுவதால் ஸ்ப்ளைசிங் கிடையாது.

நோயறிதலில் இதனால் என்ன பயன்?

இரண்டு பயன்கள். முதலாவது, டி.என்.ஏ. கிடைத்தால் வைரஸ் இருக்கிறது என்று மட்டுமே தெரியும். ஸ்ப்ளைஸ் ஆன எம்.ஆர்.என்.ஏ. கிடைத்தால், அது ஒரு செல்லுக்குள் நுழைந்து மரபணுக்களைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும். எந்தச் சந்தி (எக்ஸான்கள் ஒட்டிய இடம்) கிடைக்கிறது என்பதிலிருந்து வைரஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றும் ஓரளவு ஊகிக்கலாம்.

இரண்டாவது, ஆய்வக நடைமுறை சார்ந்தது. இரண்டு எக்ஸான்கள் ஒட்டிய இடத்தின் எழுத்துவரிசை வைரஸ் டி.என்.ஏ.வில் எங்கும் இல்லை. அந்தச் சந்தியையே குறிவைத்தால், மாதிரியில் எவ்வளவு டி.என்.ஏ. கலந்திருந்தாலும் ஏமாற வேண்டியதில்லை. இதற்கு ஒரு முக்கிய விலக்கு ஹெபடைடிஸ் பி. அதைக் கீழே பார்க்கலாம்.

எச்.பி.வி. 16இல் எந்தச் சந்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

அதன் வளைய டி.என்.ஏ. சுமார் 7,900 எழுத்துகள் நீளம். தொடக்கக்காலப் படி பி97 என்ற புரொமோட்டரிலிருந்து (படியெடுப்பு தொடங்கும் இடம்) கிளம்புகிறது. கீழ்க்காணும் மூன்றும் அடிக்கடி எதிர்ப்படும். எண்கள் ஒட்டும் இரு எழுத்துகளின் இடத்தைக் குறிக்கும்; இடையிலுள்ளவை நீங்கும்.

226–409: இ6 மரபணுவுக்குள்ளேயே 182 எழுத்துகள் நீங்குகின்றன. இதற்கு இ6 ஸ்டார் 1 என்று பெயர். புற்றுநோய்ச் செல்களில் மிகுதியாகக் கிடைப்பது இதுதான்.

226–526: 299 எழுத்துகள் நீங்கும் இ6 ஸ்டார் 2. அளவில் குறைவு.

880–3358: 2,477 எழுத்துகள் நீங்கி, இ1இன் தொடக்கம் இ4உடன் ஒட்டுகிறது. வைரஸ் தன் இயல்பான வாழ்க்கைச் சுழற்சியில், முதிரும் மேலடுக்குச் செல்களில் பெருகும்போது இது ஏராளமாகத் தோன்றும்.

முதல் சந்தி ஏன் புற்றுநோயோடு இவ்வளவு ஒட்டிவருகிறது? இ6 முடியும் இடத்துக்கும் இ7 தொடங்கும் இடத்துக்கும் இடையே இரண்டே எழுத்துகள்தான் இருக்கின்றன. இ6ஐ முழுதாகப் படித்து முடித்த, புரதம் செய்யும் ரைபோசோமால் உடனே இ7ஐத் தொடங்க முடியாது. 226–409 வெட்டு நடந்தால் இ6இன் வாசிப்புச் சட்டம் (மும்மூன்று எழுத்தாகப் படிக்கும் ஒழுங்கு) நகர்ந்து, முற்றுக்குறி முன்கூட்டியே வந்துவிடும். அங்கிருந்து இ7 வரை நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்துகள் இடைவெளி கிடைப்பதால் ரைபோசோம் மறுபடி தயாராகி இ7ஐப் படிக்கும். முழு இ6 புரதம் வேண்டுமென்றால் இன்ட்ரான் நீங்காமல் தங்க வேண்டும். ஆக, புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தை அழிக்கும் இ6க்கும் அதேபோன்ற ஆர்.பி. புரதத்தை முடக்கும் இ7க்கும் இடையிலான விகிதத்தை இந்த ஒரு வெட்டு தீர்மானிக்கிறது. எச்.பி.வி. 6, 11 போன்ற ஆபத்து குறைந்த வகைகளில் இ6, இ7 இரண்டுக்கும் தனித்தனிப் புரொமோட்டர்கள் இருக்கின்றன. இந்த ஏற்பாடு அங்கே தேவைப்படவில்லை.

சந்தையில் கிடைக்கும் எச்.பி.வி. எம்.ஆர்.என்.ஏ. பரிசோதனைகள் சந்தியைத்தான் பார்க்கின்றனவா?

அவசியமில்லை. ஆப்டிமா பரிசோதனை 14 வகைகளின் இ6/இ7 எம்.ஆர்.என்.ஏ.வைக் கண்டறிகிறது, அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2011இல் அதற்கு அனுமதி அளித்தது. டி.என்.ஏ.வால் அதில் குழப்பம் வராததற்குக் காரணம் வேதிமுறைதான். சுமார் 42 டிகிரி செல்சியஸில், ஒரே வெப்பநிலையில் பெருக்கம் நடக்கிறது. 95 டிகிரிக்குச் சூடாக்கும் கட்டமே இல்லாததால் இரட்டை இழை டி.என்.ஏ. பிரிவதில்லை; பிரியாதது பெருகவும் பெருகாது. 41 டிகிரியில் ஓடும் நாஸ்பா என்ற ஆர்.என்.ஏ. பெருக்க முறைக்கும் இதே விளக்கம் பொருந்தும். சந்தியில் அமரும் பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) கட்டாயமாவது, ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக்கிப் பெருக்கும் சாதாரண ஆர்.டி.-பி.சி.ஆரில் சொந்தமாகப் பரிசோதனை அமைக்கும்போதுதான்.

டி.என்.ஏ. பாசிட்டிவ், எம்.ஆர்.என்.ஏ. நெகட்டிவ் என்று வந்தால்?

பெரும்பாலும் தானாக மறையக்கூடிய தொற்றாக இருக்கும். வைரஸ் இருக்கிறது, இ6/இ7 அடங்கியிருக்கிறது என்று பொருள். எம்.ஆர்.என்.ஏ. பரிசோதனையின் கூர்மை இங்கேதான்: முற்றிய முன்புற்றுநோய் நிலையை டி.என்.ஏ. பரிசோதனை அளவுக்கே பிடிக்கிறது, தேவையற்ற பாசிட்டிவ்களைக் குறைக்கிறது. ஆனால் ஆர்.என்.ஏ. சிதைந்த மாதிரியும் இதே விடையைத் தரும். மாதிரியின் தரத்தைக் காட்டும் மனித எம்.ஆர்.என்.ஏ. கட்டுப்பாடு தேறாமல் அந்த நெகட்டிவை நம்பக் கூடாது.

உலகச் சுகாதார நிறுவனம் எம்.ஆர்.என்.ஏ. பரிசோதனைக்கு, சுகாதாரப் பணியாளர் எடுத்த மாதிரியையும் 5 ஆண்டு இடைவெளியையும் பரிந்துரைக்கிறது. பெண்கள் தாமே எடுத்துத் தரும் மாதிரி டி.என்.ஏ. பரிசோதனைக்குச் சரி, எம்.ஆர்.என்.ஏ.வுக்கு அந்தப் பரிந்துரை இல்லை.

சந்தி பிரைமரை எப்படி வடிவமைப்பது?

பிரைமரின் பெரும்பகுதி ஒரு எக்ஸானிலும், 3 முனையின் (படி நீளத் தொடங்கும் முனை) கடைசி 4 முதல் 6 எழுத்துகள் அடுத்த எக்ஸானிலும் அமர வேண்டும். இந்த எண்ணிக்கையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒன்றிரண்டு எழுத்துகள் மட்டும் தாண்டினால், வெட்டப்படாத படியிலும் டி.என்.ஏ.விலும் அந்த முனை தற்செயலாகப் பொருந்திவிடும். டோனரை அடுத்துவரும் எழுத்தே அக்செப்டருக்குப் பின்னாலும் வருவது அரிதல்ல. மாறாக 12 எழுத்துகளுக்கு மேல் தாண்டினால், 3 முனைப் பாதி தனியாகவே இரண்டாவது எக்ஸானில் ஒட்டி, டி.என்.ஏ.விலிருந்தும் படியெடுக்கத் தொடங்கும். சந்தியை நடுவில் வைத்துச் சமமாகப் பிரித்தால் பாதுகாப்பு என்ற எண்ணம் பிரைமருக்குப் பொருந்தாது. ப்ரோபுக்கு (ஒளிர்ந்து இலக்கைக் காட்டும் துண்டு) அது பொருந்தும்: ப்ரோப் சந்தியின் இருபுறமும் சமமாக அமர வேண்டும், எந்தப் பாதியும் தனியாக 60 டிகிரியில் நிற்கக் கூடாது.

இன்ட்ரானின் இருபுறமும் பிரைமர் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். 880–3358 போன்ற நீண்ட இன்ட்ரானில் போதும். 2,400க்கு மேற்பட்ட எழுத்துகளை ரியல் டைம் பி.சி.ஆரின் குறுகிய சுற்று எட்டாது. 226–409இல் போதாது. ஸ்ப்ளைஸ் ஆன துண்டு 90 எழுத்து என்றால் டி.என்.ஏ.விலிருந்து வருவது 272 எழுத்து. அதுவும் தாராளமாகப் பெருகும். ஜெல்லில் ஓட்டினால் இரண்டு பட்டைகளாகப் பிரித்தறியலாம். ப்ரோப் சந்தியில் இல்லாவிட்டால் ஒளிர்வளைகோட்டில் பிரித்தறிய முடியாது.

வடிவமைத்த பிறகு கடைசிச் சோதனை ஒன்று உண்டு. காஸ்கி என்ற ஆய்வகச் செல்வரிசையில் எச்.பி.வி. 16 டி.என்.ஏ. ஒரு செல்லுக்கு நூற்றுக்கணக்கான பிரதிகள் இருக்கின்றன. அந்த டி.என்.ஏ.வை ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக்கும் என்சைம்) சேர்க்காமல் உங்கள் பிரைமர்களோடு ஓட்டுங்கள். 40 சுற்றிலும் எதுவும் எழக் கூடாது. எழுந்தால் ஒட்டும் வெப்பநிலையை 2 டிகிரி வீதம் உயர்த்திப் பாருங்கள். அப்போதும் எழுந்தால் பிரைமரை மாற்றுங்கள். உணர்திறனைப் பார்க்க சிஹா செல்கள் நல்லவை. அவற்றில் ஒன்றிரண்டு பிரதிகளே உள்ளன. எச்.பி.வி. இல்லாத ஒப்பீட்டுக்கு சி33ஏ.

சந்தி பிரைமர் இருந்தால் டி.என்.ஏ.ஸ் (டி.என்.ஏ.வைச் சிதைக்கும் என்சைம்) தேவையா?

பிரைமர் மேற்சொன்ன சோதனையில் தேறியிருந்தால் கட்டாயமில்லை. வெட்டப்படாத இ6ஐயும் அளக்க வேண்டுமென்றால் கட்டாயம். வழக்கமான முறை: 1 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ.வுக்கு 1 யூனிட் டி.என்.ஏ.ஸ் 1, 37 டிகிரியில் 30 நிமிடம், பிறகு இ.டி.டி.ஏ. சேர்த்து 65 டிகிரியில் 10 நிமிடம். வரிசை முக்கியம். இ.டி.டி.ஏ. சேர்க்கும் முன் சூடாக்கினால், தாங்கலிலுள்ள மக்னீசியம் வெப்பத்தில் ஆர்.என்.ஏ.வையே துண்டாக்கிவிடும். இ.டி.டி.ஏ.வை அளவுக்கு மீறிச் சேர்த்தால் அது அடுத்த வினைக்கான மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும்; எல்லா மாதிரிகளின் சி.டி. மதிப்பும் (ஒளிர்வு எழும் சுற்றின் எண்) ஒரே மாதிரி இரண்டு மூன்று சுற்று தள்ளிப்போவது இதன் அடையாளம்.

என்னென்ன கட்டுப்பாடுகள் வைக்க வேண்டும்?

வார்ப்பு (மாதிரியின் ஆர்.என்.ஏ.) சேர்க்காத குழாய், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாய், அறியப்பட்ட பாசிட்டிவ், மனித எம்.ஆர்.என்.ஏ. என நான்கு. என்சைம் சேர்க்காத குழாய்க்கும் சேர்த்த குழாய்க்கும் குறைந்தது 7 சுற்று வித்தியாசம் இருந்தால் டி.என்.ஏ. பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே என்று கொள்ளலாம்.

மனித எம்.ஆர்.என்.ஏ.வுக்குப் பழக்கதோஷத்தில் ஜி.ஏ.பி.டி.எச். அல்லது பீட்டா ஆக்டின் போடுவது பல ஆய்வகங்களில் நடக்கிறது. இவ்விரண்டுக்கும் மனித மரபணுத்தொகுதியில் இன்ட்ரான் நீங்கிய போலி மரபணுக்கள் பல உள்ளன. எக்ஸான் சந்தியில் பிரைமர் வைத்தாலும் டி.என்.ஏ.விலிருந்தே பெருகும். விளைவு: ஆர்.என்.ஏ. முழுவதும் அழிந்த மாதிரியும் “தகுதியானது” என்று தேறிவிடும். அதன் பொய் நெகட்டிவ் அறிக்கையாக வெளியே போகும். எச்.எம்.பி.எஸ். அல்லது யு1ஏ போன்ற, இந்தச் சிக்கல் இல்லாத இலக்கைத் தேர்ந்தெடுங்கள்.

பாரஃபின் மெழுகுக் கட்டியில் பதித்த திசுவில் செய்யலாமா?

செய்யலாம். தொண்டைப் புற்றுநோயில் எச்.பி.வி. காரணமா என்று அறிய இது பயன்படுகிறது. பி16 என்ற மனிதப் புரதத்தைச் சாயமேற்றிப் பார்ப்பது எளிது. 70 சதவீதச் செல்களில் வலுவாக இருந்தால் பாசிட்டிவ். ஆனால் அது மறைமுகச் சான்று. பி16உம் டி.என்.ஏ.வும் முரண்படும்போது இ6/இ7 எம்.ஆர்.என்.ஏ.தான் தீர்ப்புச் சொல்லும்.

ஃபார்மலின் ஆர்.என்.ஏ.வை 100–200 எழுத்துத் துண்டுகளாக்கிவிடும். பி.சி.ஆர். துண்டு 60 முதல் 90 எழுத்துக்குள் இருக்கட்டும். எம்.ஆர்.என்.ஏ.வின் கடைசியிலுள்ள பாலி ஏ வாலைப் பிடிக்கும் ஒலிகோ டி.டி. பிரைமரை இங்கே தவிர்க்க வேண்டும். வால் சந்தியிலிருந்து அறுந்து போயிருக்கும். ரேண்டம் ஹெக்சாமர் அல்லது இலக்குக்கே உரிய பிரைமர் போடுங்கள். திசுவைச் சீவும் மைக்ரோடோம் கத்தியை ஒவ்வொரு மெழுகுக் கட்டிக்கும் மாற்றாவிட்டால் முந்தைய நோயாளியின் திசு அடுத்த குழாயில் வந்து நிற்கும்.

எச்.ஐ.வி.யில் வைரல் லோடு (ரத்தத்திலுள்ள வைரஸ் அளவு) ஸ்ப்ளைஸ் ஆன ஆர்.என்.ஏ.வை எண்ணுகிறதா?

இல்லை. எச்.ஐ.வி. ஒரே படியிலிருந்து மூன்று அளவு ஆர்.என்.ஏ. செய்கிறது: வெட்டப்படாத 9 கிலோபேஸ், ஒருமுறை வெட்டிய 4 கிலோபேஸ், பலமுறை வெட்டிய 2 கிலோபேஸ். கடைசி வகைதான் டாட், ரெவ், நெஃப் புரதங்களைத் தரும். ரெவ் சேர்ந்த பிறகே வெட்டப்படாதவை உட்கருவிலிருந்து வெளியேறும். வைரஸ் துகளுக்குள் அடைக்கப்படுவதற்கான அடையாளத்தின் முக்கியப் பகுதி முதல் டோனருக்குப் பின்னால் இருக்கிறது. வெட்டினால் அது போய்விடும். ஆகவே ப்ளாஸ்மாவிலுள்ள துகள்களில் இருப்பது பெரும்பாலும் வெட்டப்படாத முழு ஆர்.என்.ஏ. வைரல் லோடு எண்ணுவது அதையே.

ஸ்ப்ளைஸ் ஆன ஆர்.என்.ஏ. பயன்படும் இடம் வேறு: மருந்தால் வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்குப் போனவரின் செல்களில் எவ்வளவு வைரஸ் ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பது. டில்டா என்ற முறையில் சி.டி.4 என்ற நோயெதிர்ப்புச் செல்களை பி.எம்.ஏ., அயனோமைசின் என்ற வேதிப்பொருள்களைக் கொண்டு 12 மணி நேரம் தூண்டி, படிப்படியாக நீர்க்கச் செய்து, டாட்/ரெவ் எம்.ஆர்.என்.ஏ. தரும் செல்களின் எண்ணிக்கையைக் கணக்கிடுகிறார்கள். 10 மில்லிலிட்டருக்கும் குறைவான ரத்தம், இரண்டு நாள் போதும். சிதைந்த, செயலற்ற புரோவைரஸ்கள் (செல்லின் டி.என்.ஏ.வோடு இணைந்த வைரஸ் டி.என்.ஏ.) டி.என்.ஏ. பி.சி.ஆரில் எண்ணப்பட்டுவிடும், இதில் அவற்றில் பல விலக்கப்பட்டுவிடும். இது ஆராய்ச்சிக் கருவி. சிகிச்சை முடிவை இதை வைத்து எடுப்பதில்லை.

ஹெபடைடிஸ் பி ஏன் விலக்கு?

அதன் 3.5 கிலோபேஸ் முன்மரபணு ஆர்.என்.ஏ. சில நேரம் வெட்டுப்படுகிறது. முக்கிய வடிவத்தில் 2447ஆம் எழுத்து நேரே 489உடன் ஒட்டிவிடும். வெட்டுப்பட்ட ஆர்.என்.ஏ.வும் துகளுக்குள் அடைபட்டு, வைரஸின் சொந்த என்சைமால் டி.என்.ஏ.வாக மாற்றப்படுகிறது. ஆகவே ரத்தத்தில் அந்தச் சந்தி டி.என்.ஏ.வாகவும் இருக்கும். சந்தி கிடைத்துவிட்டது, ஆகவே ஆர்.என்.ஏ. என்று இங்கே முடிவு கட்ட முடியாது, டி.என்.ஏ.ஸ் கட்டாயம்.

இன்னொரு விளைவும் உண்டு. நீங்கும் பகுதியில் எஸ் மரபணுவின் பெரும்பங்கு போய்விடுகிறது. எஸ் பகுதியில் பிரைமர் வைத்த பரிசோதனை இந்தக் குறைத்துகள்களைக் காணாது. எக்ஸ் பகுதியில் வைத்தது எண்ணிக்கொள்ளும். இரண்டு ஆய்வகங்களின் சீரம் எச்.பி.வி. ஆர்.என்.ஏ. அளவுகள் ஒத்துவராதபோது முதலில் பிரைமர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். (இங்கே எச்.பி.வி. என்பது ஹெபடைடிஸ் பி. பாப்பிலோமாவுக்கும் தமிழில் அதே எழுத்துகள் வருவதால் அறிக்கையில் முழுப்பெயர் எழுதுவது நல்லது.)

பார்வோவைரஸ் பி19இல் ஸ்ப்ளைசிங் உதவுமா?

குணமான பிறகும் இதன் டி.என்.ஏ. திசுக்களில் ஆண்டுக்கணக்கில் தங்கும். இதயத்தசை பயாப்சியில் டி.என்.ஏ. கிடைத்ததாலேயே மயோகார்டிடிஸுக்கு (இதயத்தசை அழற்சி) அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. பி19இன் எம்.ஆர்.என்.ஏ.க்கள் எல்லாம் ஒரே புரொமோட்டரில் தொடங்குகின்றன, என்.எஸ்.1 புரதத்துக்கான படி ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும் வெட்டுப்படுகின்றன. எனவே கேப்சிட் (வைரஸின் மேலோடு) புரத எம்.ஆர்.என்.ஏ.வின் சந்தியைத் தேடுவது, பழைய தடத்திலிருந்து நடப்புத் தொற்றைப் பிரித்தறியும் நல்ல வழி.

இன்ஃப்ளூயன்ஸா பி.சி.ஆரில் எம் மரபணுவைத்தானே பார்க்கிறோம்? அதிலிருந்தே வரும் எம்2 புரதத்தின் படி வெட்டுப்படுவதால் பாதிப்பு வருமா?

வராது. பரவலாகப் பயன்படும் எம் பிரைமர்கள் எம்2இன் இன்ட்ரானுக்குள்தான் இருக்கின்றன, எம்2 எம்.ஆர்.என்.ஏ. அதில் அகப்படாது. ஆனால் மூக்குத் தொண்டை மாதிரியில் வைரஸ் துகளின் மரபணு ஆர்.என்.ஏ. முழுதாக இருப்பதால் கண்டறிதல் குறையாது.

கொரோனாவின் சப்ஜினோமிக் ஆர்.என்.ஏ.வும் ஸ்ப்ளைசிங்தானா?

பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்; வேறு நிகழ்வு. படியெடுக்கும்போதே பாலிமரேஸ் ஒரு இடத்திலிருந்து முன்முனைத் தலைவரிசைக்குத் தாவுவதால் சந்தி உண்டாகிறது; எதுவும் வெட்டப்படுவதில்லை. தலைவரிசையில் ஒரு பிரைமரும் இ மரபணுவில் மற்றொன்றும் வைத்து அதைக் கண்டறியலாம். அது கிடைத்தால் வைரஸ் இப்போது பெருகுகிறது என்று சட்டென முடிவெடுக்க வேண்டாம். அந்த ஆர்.என்.ஏ. சவ்வுப் பைகளுக்குள் பாதுகாப்பாகச் சில காலம் நீடிக்கும்.

சீக்வென்சிங்கில் (எழுத்துவரிசையைப் படித்தறிதல்) புதிய சந்தி ஒன்று தெரிகிறது. நம்பலாமா?

முதலில் அதன் இரு முனைகளிலும் ஜி.யு., ஏ.ஜி. இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால், வெட்டு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒரே 5–10 எழுத்துகள் மறுபடி வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் அந்த ஒத்த வரிசையில் தாவிவிட்டது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். வெப்பம் தாங்கும் வேறொரு என்சைமைக் கொண்டு 55 டிகிரியில் மறுபடி செய்தால் பொய்ச் சந்தி பெரும்பாலும் மறையும். ஆர்.என்.ஏ.வை நேரடியாகப் படிக்கும் நானோபோர் முறையில் இந்தத் தாவல் வருவதில்லை.

பாப்பிலோமா வைரஸின் மரபணுத்தொகுதி வளையமானது என்பதும் ஒரு பொறி. ஒப்பிடுவதற்கான மூல எழுத்துவரிசையை ஓரிடத்தில் வெட்டி நேராக்கித்தான் கோப்பில் வைத்திருக்கிறார்கள்; அந்த வெட்டைத் தாண்டும் வாசிப்புகளை மென்பொருள் பெரிய இன்ட்ரானாகக் காட்டும்.

வைரஸ் மனித டி.என்.ஏ.வோடு இணைந்துவிட்டதா என்று ஸ்ப்ளைசிங் காட்டுமா?

காட்டும். இணைந்த எச்.பி.வி. 16இல் 880 டோனர் தனக்குரிய 3358 அக்செப்டரை இழந்து, அருகிலுள்ள மனித அக்செப்டரோடு ஒட்டிக்கொள்வது வழக்கம். அபாட் என்ற முறை இதைப் பயன்படுத்துகிறது: ஒலிகோ டி.டி. வழியாக சி.டி.என்.ஏ. (ஆர்.என்.ஏ.வின் டி.என்.ஏ. படி) செய்து, இ7இலிருந்து பெருக்கினால் தனித்து நிற்கும் வைரஸ் சுமார் 1,050 எழுத்துப் பட்டை தரும்; இணைந்தது வேறு நீளம் தரும். அந்தப் பட்டையைச் சீக்வென்ஸ் செய்தால் எந்தக் குரோமோசோம் என்பதும் தெரியும்.

அறிக்கையில் எப்படி எழுதுவது?

இலக்குச் சந்தி, மனித எம்.ஆர்.என்.ஏ. நிலை, கண்டறியும் எல்லை மூன்றும் இருக்க வேண்டும். மனித எம்.ஆர்.என்.ஏ. எழாவிட்டால் “நெகட்டிவ்” என்று எழுதாதீர்கள். “செல்லாத மாதிரி, மறுபடி அனுப்பவும்” என்று எழுதுங்கள். ஒரு குழாய்க்குச் சராசரி 3 பிரதிகள் இருந்தால்தான் 95 சதவீத முறை குறைந்தது ஒரு பிரதியாவது குழாய்க்குள் விழும். அதற்குக் கீழே ஒருமுறை எழுவதும் மறுமுறை எழாததும் இயல்பு. அத்தகைய மாதிரியை மூன்று குழாய்களில் ஓட்டி, எத்தனையில் எழுந்தது என்பதை அப்படியே குறிப்பிடுங்கள்.